சித்தி வீட்டில் வந்த இழுப்பு

எனக்கு மூச்சு இழுப்பு வந்ததால்தான் பாம்பனிலிருந்து ஆர்.எஸ்.மங்கலத்துச் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மாவுக்குக் கருவாடு காயவைக்கும் இடத்தில் வேலை. அந்தத் தூசியும் உப்புக் காற்றும் என் நெஞ்சுக்கு ஆகவில்லை என்பது வீட்டாரின் முடிவு. சித்தி வீட்டில் இழுப்பு நின்றும் போனது. அதுதான் என் கவலை. நெஞ்சு நன்றாக இருக்கும்வரை அம்மாவிடம் போக முடியாது.

போனில் அம்மா முதலில் கேட்பது அதைத்தான்.

"இழுப்பு வந்துச்சா?"

"இல்லம்மா."

"அப்ப அங்கனயே இரு, தாயி."

"கருவாட்டு வாடை இல்லாம இவளுக்குத் தூக்கம் வரல" என்று சித்தி மகன் கேலி செய்வான். கேலிதான், ஆனால் உண்மை.

தை மாதம் வயலில் அறுவடை மிஷின் இறங்கியது. வைக்கோல் தூசி தெருவையே மூடியது. சாயங்காலம் நெஞ்சுக்குள் பழைய விசில் சத்தம் கேட்டதும் சித்தியிடம் ஓடினேன்.

"வந்துருச்சு சித்தி! நான் வாரேன்னு அம்மாட்டச் சொல்லு."

"மூச்சு முட்டுது, இதுல சிரிப்பு வேறயா?" என்று சித்தி பதறினாள். சித்தப்பா பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

காலையில் அம்மா வந்துவிட்டாள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"மூச்சுக்குழாய்க்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு தோல் இருக்கு. அதுல இருக்கிற செல்லுங்கதான் காவல். தூசி வந்தா சத்தமில்லாம வெளிய தள்ளணும். இவளுக்கு அதுங்க கூச்சல் போட்டு ஊரையே கூப்பிடுதுங்க. ஊரே ஓடி வந்தா சந்து அடைச்சுக்கும்ல? 'ஒண்ணுமில்ல, போங்க'ன்னு ஓடி வந்தவங்கள அதுங்களே அமர்த்தவும் செய்யும். இவளுக்கு அது பத்தல. அதுக்குத்தான் இந்த இன்ஹேலர்."

"அப்ப இவள எங்கன வச்சா நல்லாருக்கும்?" என்று அம்மா கேட்டாள்.

"ஊரை மாத்தி மட்டும் தீராதும்மா. தூசிகிட்ட விடாதீங்க, மருந்த நிறுத்தாதீங்க."

எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான்: தப்பு பாம்பன்மேல் மட்டும் இல்லை. வீட்டுக்குப் போகலாம்.

ராமநாதபுரத்தில் பஸ் மாறியதும் ஜன்னலோரம் வெளியே பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். அம்மா பின்னாலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு, முதுகில் காதை வைத்துச் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். எழுப்பிவிடக் கூடாதென்று அவ்வப்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். அப்படி அடக்கும்போதெல்லாம் அவள் கை என் வயிற்றை இறுக்கியது. ஏதோ கனவு காண்கிறாள் போல என்று, இன்னும் கொஞ்சம் அடக்கினேன்.