வெள்ளைச் சீட்டுக் கட்டு

பன்னிரண்டு வயதில் எனக்கு அப்பாமேல் ஒரு கோபம் வந்தது. பிள்ளைகளுக்கு அப்பாமேல் வருகிற கோபம் சோற்றுத் தட்டைக் கண்டதும் இறங்கிவிடும் என்பார்கள். என்னுடையது இறங்கவில்லை. நான் வளர வளர அதுவும் கூடவே வளர்ந்தது. ஒரு சீட்டு விளையாட்டுக்காகவா இத்தனை கோபம் என்று கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எங்களுடையது ரம்புக்கனைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அம்மா பால் வெட்டுக்குப் போவார். அப்பாவுக்கு ரப்பர் ஸ்டோரில், பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிற வேலை. சித்தப்பா மட்டும் தோட்டத்தை விட்டுப் போய், கொழும்பில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலைக்கு நின்றார்.

அந்தக் கடையில் ஒரு சீட்டு விளையாட்டு விற்றார்கள். ராஜா, ராணி போட்ட சீட்டு அல்ல. ஒவ்வொரு சீட்டிலும் ஓர் உருவத்தின் படம். அதன் கீழே, மேசைக்கு வந்தால் அந்த உருவம் என்ன செய்யும் என்று ஆங்கிலத்தில் சில வரிகள். சீட்டுகளில் ஐந்து நிறம் உண்டு. பெரிய இடத்துப் பிள்ளைகள் கடையிலேயே பாக்கெட்டைக் கிழித்து, டிராகனையும் பூதத்தையும் எடுத்துக்கொண்டு, வேண்டாததை அப்படியே விட்டுவிட்டுப் போவார்களாம். வேண்டாதது பெரும்பாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். வெள்ளையில் வருகிறவர்கள் எல்லாம் சின்ன ஆட்கள்: வைத்தியக்காரி, காவல்காரன், புறா, ஆட்டுக்குட்டி, பூனை. முதலாளி குப்பையில் போடச் சொன்னதையெல்லாம் சித்தப்பா ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்துவைத்துத் தீபாவளிக்கு எனக்குக் கொண்டுவந்தார். நான் கேட்டிருந்தது பட்டாசு.

அம்மாவுக்கு டின்னைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. சீட்டு என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். "பொம்பளப் புள்ளைக்குச் சீட்டுக் கட்டா? நாளைக்குச் சாராயமும் வாங்கிக் குடுங்க" என்று சித்தப்பாவிடம் சொன்னார். சாமி படம் இருக்கிற பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனையோடு டின் வீட்டுக்குள் அனுமதிக்கப்பட்டது.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக வாசித்தேன். ஆங்கிலப் பாடத்தில் என்னை எழுப்பிக் கேள்வி கேட்காத டீச்சருக்கு நான் இதைச் சொல்லவே இல்லை. எதிரே உட்கார்ந்து விளையாட ஆள் வேண்டுமே. லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், என் வயதுப் பிள்ளைகள் ஒரு நாள் வந்தார்கள், மறுநாள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது அப்பா.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஒரு சீட்டை ஒருமுறை நான் வாசித்துச் சொன்னால் போதும், மறக்கமாட்டார். வேலை முடிந்து வந்து, கையில் ஒட்டியிருக்கும் ரப்பர் பாலைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பாயில் எனக்கு எதிரே உட்காருவார். அந்தப் பாய்தான் எங்களுக்கு மேசை. டின்னில் இருந்த கொஞ்ச நஞ்ச வேறு நிறங்களையெல்லாம் சேர்த்து அவருக்கு ஒரு கட்டு. வெள்ளை முழுவதும் எனக்கு. ஆரம்பத்தில் எப்போதும் அவர்தான் ஜெயித்தார். என் ஆட்கள் மேசைக்கு வருவார்கள், அவருடைய ஒரு காண்டாமிருகம் வந்து மிதித்துவிட்டுப் போகும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் என் கட்டின் சூட்சுமம் பிடிபட்டது. மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. பால் இல்லாவிட்டால் ஸ்டோரிலும் வேலை இல்லை. அதனால் பகலிலேயே விளையாடிக்கொண்டிருந்தோம். என்னிடம் ஒரே மாதிரி இரண்டு காவல்காரச் சீட்டுகள் இருந்தன. காவல்காரன் மேசைக்கு வரும்போது என்னுடைய வேறோர் ஆளை ஒரு நொடி வெளியே அனுப்பி, உடனே திரும்பக் கூப்பிடலாம். இதை வைத்து என்ன செய்வது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அன்றைக்குத்தான், ஒரு காவல்காரன் இன்னொரு காவல்காரனையே அனுப்பிக் கூப்பிட்டால் என்ன என்று தோன்றியது. திரும்பி வருகிறவனும் காவல்காரன்தானே. அவன் வந்த கையோடு முதலாமவனை அனுப்பிக் கூப்பிடுவான். அவன் வந்து மறுபடி இவனை. இதற்கு முடிவே கிடையாது.

சும்மா போய் வருவதில் லாபம் இல்லை. ஆனால் பக்கத்தில் வைத்தியக்காரி இருந்தால், யார் மேசைக்கு வந்தாலும் எனக்கு ஓர் உயிர்ப் புள்ளி கூடும். அவளுக்குப் பக்கத்தில் பூனை இருந்தால், எனக்கு உயிர் கூடும்போதெல்லாம் அது ஒரு சுற்றுப் பெருக்கும். காவல்காரர்கள் போகப் போக, வர வர, பூனை காண்டாமிருகத்தைவிடப் பெரிதாகி, டிராகனைவிடப் பெரிதாகி, லயத்தைவிடப் பெரிதாகிவிடும்.

அப்பா மறுபடி செய்துகாட்டச் சொன்னார். காட்டினேன்.

"அப்ப இத நிப்பாட்டவே ஏலாதா?"

"நானா நிப்பாட்டுனாத்தான் நிக்கும்பா."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "எல்லாம் சின்னச் சின்ன ஆளு. ஒருத்தன ஒருத்தன் தூக்கிவிட்டே மலையேறிட்டானுங்களே!" என்றார். மறுநாள் ஸ்டோரில் இதைச் சொல்லியிருக்கிறார். கங்காணி என்னைக் கண்டபோது, "என்னா புள்ள, பூனை எவ்வளவு பெருசாச்சு?" என்று கேட்டார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அப்பாவுக்குத் தெரியும். அந்தக் கட்டு எப்படி வேலை செய்யும் என்று உலகத்தில் என்னைத் தவிர முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். என் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கேகாலையில் ஒரு கடையில் ஞாயிற்றுக்கிழமை இந்தச் சீட்டுக்குப் போட்டி வைக்கிறார்கள் என்று சித்தப்பா போனில் சொன்னார். ஜெயிக்கிற பிள்ளைக்குப் பிரிக்காத பாக்கெட்டுகள் ஒரு பெட்டி. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. மற்றவர்கள் கழித்துப் போட்டதைத்தான் நான் வைத்திருந்தேன். ஒரு பாக்கெட்டை என் கையால் கிழித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று நானே முதலில் பார்க்க வேண்டும். அப்பா கல்யாணங்களுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு என்னை பஸ்ஸில் கூட்டிப்போனார்.

கடை சின்னது. உள்ளே மேசைகள் போட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் பையன்கள். எல்லாருடைய சீட்டுகளும் பளபளக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. என்னுடையவை ஒரு ரப்பர் வளையத்துக்குள். முதல் ஆட்டத்தில் ஜெயித்தேன். இரண்டாவதிலும். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அந்த இரண்டிலும் பூனை தேவைப்படவில்லை.

கடைசி ஆட்டத்தில் எதிரே என்னைவிடப் பெரிய பையன். நகத்தைக் கடித்துக் கடித்து விரல்நுனி சிவந்திருந்தது. அவன் டிராகன் மேசைக்கு வந்துவிட்டது. அடுத்த முறை அது அடித்தால் நான் முடிந்தேன். என் பக்கம் ஒரு காவல்காரனும் வைத்தியக்காரியும் பூனையும் ஏற்கெனவே மேசையில் இருந்தார்கள். எனக்கு இரண்டாவது காவல்காரன் கிடைத்தான்.

நான் செய்துகாட்டினேன். ஒவ்வொரு சீட்டையும் அவன் எடுத்து வாசித்தான். எத்தனை தடவை என்று சிங்களத்தில் கேட்டான். ஆயிரம் தடவை என்றேன். அவன் பூனையைப் பார்த்தான், தன் டிராகனைப் பார்த்தான், சிரித்துக்கொண்டே தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான். அதற்கு அர்த்தம், தோற்றுவிட்டேன் என்பது.

அப்போது கடைக்காரர் வந்தார். என்ன நடந்தது என்று அந்தப் பையனிடம் கேட்டார். பிறகு என் காவல்காரச் சீட்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, போலியோ என்று வளைத்துப் பார்த்தார். இது எங்கிருந்து கிடைத்தது என்றார். சித்தப்பா கொடுத்தது என்றேன். "வத்தென்த?" என்றார். தோட்டத்திலிருந்தா வருகிறாய் என்று கேட்கிறார். கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. இப்படி ஆயிரம் தடவை என்றெல்லாம் செய்ய முடியாது, இது ஏமாற்று வேலை, யார் சொல்லிக்கொடுத்தது என்று குரலை உயர்த்தினார். சுற்றிப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. சிங்களத்தில் எனக்குத் தெரிந்த எல்லாச் சொற்களையும் கூட்டி, விதிப் புத்தகத்தை எடுங்கள், நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். அந்தப் பையனும், "ஏயா ஹரி, அங்கிள்" என்றான். அவள் சொன்னது சரி என்று, தோற்றவனே சொல்கிறான். இதற்குமேல் என்ன வேண்டும்? நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் சிங்களம் சுத்தமான சிங்களம். பேச ஆரம்பித்தால் தமிழர் என்றே தெரியாது. அவர் வாய் திறந்தால் போதும், முடிந்தது.

அப்பா வாய் திறந்தார்.

"சமாவென்ன மஹத்தயா. லமயாட்ட வெரதுனா."

மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா, பிள்ளைக்குப் பிழை நேர்ந்துவிட்டது. பிள்ளைக்கு ஆங்கிலம் சரியாக வாசிக்கத் தெரியாது என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே மேசையில் குனிந்து என் சீட்டுகளை வாரினார். காவல்காரன், வைத்தியக்காரி, பூனை எல்லாம் ஒரே பிடியில் அள்ளி, அவருடைய கல்யாணச் சட்டைப் பைக்குள் திணித்தார். "வா புள்ள" என்று என் கையைப் பிடித்தார். அவ்வளவு இறுக்கமாக அதற்கு முன் என்னை அவர் பிடித்ததில்லை. நான் நடக்கவில்லை, இழுபட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் வடை வாங்கிக் கொடுத்தார். வாங்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் விட்டார். உட்காரவில்லை, ரம்புக்கனை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பொய்யன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாதாம். மழையில் ஒவ்வொரு வரியாகக் கேட்டுச் சிரித்தவர் யார்? கடைக்காரர் என்னை ஏமாற்றுக்காரி என்றது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவருக்கு என்னைத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும், நான் ஜெயித்த ஆட்டத்தைத் தூக்கி அந்த ஆளின் காலடியில் போட்டுவிட்டார்.

அதன் பிறகு அப்பாவோடு நான் விளையாடவில்லை. சாயங்காலம் கை கழுவிவிட்டு வந்து கொஞ்ச நேரம் பாயில் உட்கார்ந்திருப்பார். நான் கணக்குப் பாடம் செய்வேன். பிறகு அவரே எழுந்து போய்விடுவார். அம்மாவுக்கு நிம்மதி. சீட்டுச் சனியன் ஒழிந்தது என்று நினைத்திருப்பார். நான் படித்ததும், ஆங்கிலத்தையே பாடமாக எடுத்ததும், மாவட்டக் கச்சேரியில் அரசாங்க வேலைக்குச் சேர்ந்ததும் எல்லாம் அந்தக் கோபத்தில்தான். அலுவலகத்தில் யாராவது பெரியவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் எனக்கு இன்னும் உடம்பு எரியும்.

போன தைப்பொங்கலுக்குத் தெரணியகலையிலிருந்து அத்தை வந்திருந்தார். அப்பாவுக்கு மூத்தவர். சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு எங்கெங்கோ போய், நான் அந்தக் கதையை எடுத்தேன். வேடிக்கையாகச் சொல்வதுபோல ஆரம்பித்து, முடிவில் குரல் ஏறிவிட்டது. சித்தப்பா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

"ஏண்டி, ஒங்க தாத்தாவும் ஒன்ன மாதிரித்தான்" என்றார். "டவுன்ல ஒரு சிங்களக் கடையில வாய்த் தகராறு. ஞாயம் அவரு பக்கம்தான். அவரு விடல, பேசிக்கிட்டே நின்னாரு. இவனையும் கூட்டிக்கிட்டுத்தான் போயிருந்தாரு, நீ போட்டிக்குப் போனப்ப இருந்த வயசுதான் அப்ப இவனுக்கு. அன்னைக்குச் சாயங்காலமே லயத்துக்கு ஆளுங்க வந்துட்டாங்க. கூரையெல்லாம் எரியுது. நாங்க ரப்பர் காட்டுக்குள்ள படுத்துக் கெடக்குறோம். இவனுக்கு இருமல். நான் இவன் வாயப் பொத்திக்கிட்டே கெடந்தேன்."

"அக்கா, விடு" என்றார் அப்பா.

இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. லயத்தில் ஒரு பக்கச் சுவர் மட்டும் ஏன் வேறு மாதிரிக் கல்லால் கட்டியிருக்கிறது என்று நான் கேட்டதும் இல்லை. அப்போதும் என் கோபம் அடங்கவில்லை. இத்தனை வருடமாக அப்பாமேல் இருந்தது அப்படியே எழுந்து நின்று, இனி யார்மேல் போவது என்று தெரியாமல் தடுமாறியது. அதனால் பிடிவாதமாக அப்பாவிடமே கேட்டேன்.

"அந்தப் பையனே நான் சொன்னது சரின்னு சொன்னானேப்பா. ஒங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கல" என்றார் அப்பா. "கடைக்கு ஒரே வாசல் புள்ள. கடைக்காரரு சத்தம் போட்டவொடனே ரெண்டு பேரு வந்து அதுல நின்னுக்கிட்டானுங்க. நான் அவனுங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அந்த மேசை எனக்கு நினைவிருக்கிறது. டிராகன் கவிழ்ந்து கிடந்த கோணமும், அந்தப் பையனின் சிவந்த விரல்களும் நினைவிருக்கின்றன. எவ்வளவு யோசித்தும் வாசலில் நின்ற அந்த இரண்டு பேர் மட்டும் என் நினைவில் இல்லை. அவர்கள் யார் என்று அப்பாவுக்கும் தெரியாது. ஆட்டத்தை வேடிக்கை பார்க்க வந்தவர்களாகவும் இருந்திருக்கலாம்.