அட்டைப்பெட்டிப் பால்

மகன் கமலோடும் மருமகளோடும் செவிலிமேட்டில் இருக்கும் சிட்டிபாபு, மனைவி போய்ச் சேர்ந்த பிறகு நாளுக்கு ஒரு தடவைதான் வெளியே போவார். விடியற்காலையில், ஒயர் கூடையோடு, பால் பூத்துக்கு. பூத்தில் இருக்கும் எல்லம்மாள் பாக்கெட்டை நீட்டிக்கொண்டே, "இன்னாண்ணே, ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்பாள். அவரை அப்படிக் கேட்க வேறு ஆளில்லை.

ஒருநாள் மழையில் வழுக்கி விழுந்து முட்டி சிராய்த்துவிட்டது. கமல் பதறிப்போய் அட்டைப்பெட்டிப் பாலை மொத்தமாக வாங்கி அலமாரியில் அடுக்கினான். "இனிமே நீ அலைய வேணாம்பா. இது மாசக்கணக்குல கெடாது. காய்ச்சக்கூட வேணாம்." நல்ல பிள்ளை. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்ட பிள்ளையாக இருந்தால் திட்டிவிட்டாவது கிளம்பியிருப்பார்.

சும்மா போய் நிற்கலாமே என்பீர்கள். வாங்க ஒன்றுமில்லாமல் கடை வாசலில் நிற்கிற ஆள் அல்ல அவர். வாலாஜாபாத் ரைஸ் மில்லில் வேலை பார்த்த காலத்திலும், டீ குடிக்காமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததில்லை.

பெட்டிகள் தீர்ந்துபோனால் மறுபடி பூத்துக்கு அனுப்புவார்கள் என்று நினைத்தார். மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும் ஒரு பெட்டியைக் கத்தரித்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றுவார். பால் பொங்கி வழிந்தால் மனைவியிடம் கத்தியவர் அவர்.

அலமாரி சீக்கிரமே காலியானது. அன்று ஒயர் கூடையைத் தூசி தட்டிக் கதவோரம் வைத்தார். சாயங்காலம் கமல் சிரித்துக்கொண்டே வந்தான்.

"உனக்கு இந்தப் பால் ரொம்பப் புடிச்சிருக்குது போலப்பா. இந்த வாட்டி ரெண்டு மடங்கா சொல்லிட்டேன்."