தம்பியை அடித்த கஸ்தூரி அண்ணி

பொத்தேரியில் நான் வேலை பார்க்கும் மாணவியர் விடுதி காலை நேரத்தில் சந்தைக்கடைதான். சாவி தொலைந்தது, தண்ணீர் வரவில்லை என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி வந்து நிற்பாள். அந்த இரைச்சலுக்கு நடுவில் மோகன் அண்ணனின் போன் வந்தது. "சுமதி, உங்க அண்ணி போயிட்டாம்மா" என்றார். எங்கே போனார் என்று கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாக மறுபடியும் சொன்னார். விடியற்காலையில் அண்ணி ஒரு பெண்ணுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நாஸ்தாவுக்கு உட்கார்ந்தவர், தட்டில் இட்லி இருக்க அப்படியே சாய்ந்துவிட்டார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கஸ்தூரி அண்ணி என் கணவனாக இருந்தவனின் அக்கா. மோகன் அண்ணனின் மனைவி. கூடுவாஞ்சேரியில் பெண்களுக்கென்று ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு கியர் போடக் கற்றவர்கள். "பயந்துகினு ஓட்டினா பரவால்ல, கண்ணை மூடிகினு ஓட்டாத" என்று அவர் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் கோணலாக இருந்ததையும் பார்த்திருப்பீர்கள். யாராவது கேட்டால், "எங்க வூட்டு விஷயம்மா, நீ ரோட்டைப் பாரு" என்று முடித்துவிடுவார். அந்த வீட்டு விஷயத்தை இனி நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எனக்குத் திருமணமான புதிதில் குடும்பமாகக் கோவாவுக்குப் போனோம். ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பலை வேடிக்கை பார்ப்பதுதான் திட்டம். மாமியாருக்குக் கப்பல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாமல் ஓரமாகப் படுத்துவிட்டார். அண்ணியோ போக்கர் என்ற சீட்டாட்டம் நடக்கும் மேசையை விட்டு நகரவில்லை. இருப்பதிலேயே மலிவான மேசை. பக்கத்தில் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒருவன், பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளை அண்ணி ஜெயித்து அள்ளும்போது அவர் மணிக்கட்டைப் பிடித்தான். அண்ணி சத்தம் போடவில்லை. அவனுடைய கட்டைவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினார். அவன் நாற்காலியோடு தரையில் விழுந்தான்.

ஊர் திரும்பியதும் என் கணவன் பாபு இதைப் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டான். அவர் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் அவன் என்றே எழுதுகிறேன். "எங்க அக்கா மேல கை வெச்சா, வெச்ச கையி இருக்காது" என்பான். அக்காவின் மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம். அதே வாரத்தில், சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று என் முதுகில் பெல்ட்டால் அடித்தான். ரவிக்கை மறைக்கும் இடமாகப் பார்த்து அடிப்பது அவன் வழக்கம்.

கோவாவுக்கு மறுபடி போக முடியவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்போம். அண்ணி பிளாஸ்டிக் வில்லைகளை மேசையில் கொட்டி, "காசினோ தொறந்தாச்சு, வாங்க வாங்க" என்று கூப்பிடுவார். வில்லை ஒன்றுக்கு ஒரு ரூபாய் கணக்கு. தோற்றவர் எல்லோருடைய பாத்திரத்தையும் துலக்க வேண்டும். அதற்கு மேல் அந்த ஆட்டத்தில் எதுவும் இல்லை. போக்கரை எனக்குச் சொல்லித் தந்ததும் அண்ணிதான்.

அந்த வருடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி, மோகன் அண்ணன், பாபு, நான் நால்வரும் ஆடினோம். என் மகள் மீரா வாசலில் மணலைக் குவித்துக்கொண்டிருந்தாள். மற்ற இருவரும் சீட்டைக் கீழே வைத்து விலகிவிட, கடைசியில் நானும் பாபுவும் மிஞ்சினோம். என் கையில் ஒன்றுமே இல்லை, ஒரு ஜோடிகூட இல்லை. ஆனாலும் பெரிய சீட்டு வைத்திருப்பவள்போல என்னிடமிருந்த வில்லைகளை எல்லாம் நடுவில் தள்ளினேன். பாபு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு தன் சீட்டைப் போட்டுவிட்டான். அவன் போட்டதில் இரண்டு ராஜாக்கள் இருந்தன. நான் என் சீட்டைத் திருப்பிக் காட்டினேன். மோகன் அண்ணன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கட்டிலில் படுத்திருந்த மாமியார்கூட எழுந்து வந்து சிரித்தார். "இன்னாடா பாபு, ஒண்ணுமில்லாத்துக்குப் போயி பயந்துட்ட" என்றார் அண்ணி. பாபுவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான். "சரி சுமதி, வா, காப்பி போடு. நான் பால் எடுத்துத் தரேன்" என்று எழுந்தான்.

சமையலறைக்குள் போனதும் கதவைச் சாத்தினான். "எல்லாரும் சிரிக்கணும்னுதான காட்டின?" என்று கேட்டான். பதில் சொல்லுமுன் என் முடியைக் கொத்தாகப் பிடித்துக் கருங்கல் மேடையில் தலையை மோதினான். முதல் மோதலில் என் பல்லே என் உதட்டைக் கிழித்தது. அடுத்ததில் தலையின் இடது பக்கம் பிளந்தது. சூடாக ஏதோ கழுத்தில் இறங்கி ரவிக்கையை நனைத்தது. கத்தினால் இன்னும் அடிப்பான் என்பது பழக்கத்தில் தெரிந்திருந்ததால் நான் கத்தவில்லை. பால் பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டுத்தான் அண்ணி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அக்கா, நீ போ. இது புருசன் பொண்டாட்டி விஷயம்."

"கையை எட்றா."

"உன்னாலதான் இவ ஆடுறா. சீட்டு கத்துக்குடுத்தவளே நீதான."

"பாபு, கையை எட்றான்னு சொன்னேன்."

அவன் எடுக்கவில்லை. அண்ணி இடது கையால் அவனுடைய விரல்களை என் முடியிலிருந்து பிரிக்கப் பார்த்தார். அவன் அந்தக் கையைப் பிடித்து முறுக்கினான். விரல் ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவருடைய வலது கை அடுப்பின் மேலிருந்த இரும்புத் தோசைக்கல்லை எடுத்திருந்தது. மதியம் வஞ்சிரம் வறுத்த எண்ணெய் அதில் அப்படியே இருந்தது. ஓங்கி அவன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் அடித்தார். காறை எலும்பு முறிந்து அவன் சரிந்தான். உடனே சுவரைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தான். அண்ணி முழங்காலில் இன்னொரு அடி அடித்தார். அதற்குப் பிறகு அவன் எழவில்லை.

மாமியார் ஓடிவந்து மகன் மேல் விழுந்தார். "பாவி, கூடப் பொறந்தவனைக் கொல்லப் பாக்குறியே" என்று அண்ணியின் முதுகில் இரண்டு கையாலும் குத்தினார். அண்ணி அந்தக் குத்துகளை வாங்கிக்கொண்டே மோகன் அண்ணனிடம், "ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டு இவனைப் பாத்துக்கோ" என்றார். என்னிடம், "புள்ளையத் தூக்கினு வண்டில ஏறு" என்றார்.

அது பயிற்சிப் பள்ளியின் கார். ஒடிந்த இடது கையால் அண்ணியால் கியர் போட முடியவில்லை. எனக்கோ அதுவரை வண்டி ஓட்டியே பழக்கமில்லை. தலையில் துண்டை அழுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "நான் கிளட்ச்சை மிதிச்சிக்கிறேன். சொல்லச் சொல்ல நீ போடு" என்றார். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரை அப்படித்தான் போனோம். "செகண்டு. இழு. இப்ப தேர்டு, மேல தள்ளு." ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் பல்லைக் கடிப்பது தெரிந்தது. கியர் குமிழ் என் ரத்தத்தில் வழுக்கியது. பின் இருக்கையில் மீரா அழக்கூடச் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

மருத்துவமனையில் என் போன் விடாமல் அடித்தது. மாமியார். "வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லும்மா, குடும்ப மானம் போயிடும்" என்றார். பணியில் இருந்த டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணிதான் சொன்னார். "இவளை அடிச்சது என் தம்பி. என் விரலை ஒடிச்சதும் அவன்தான். அவனை நான் தோசைக்கல்லால அடிச்சேன். மூணையும் எழுதிக்குங்க."

நானும் மீராவும் அண்ணியின் வீட்டில்தான் தங்கினோம். தையல் பிரித்த பிறகு ஒரு நாள், மாவுக்கட்டுப் போட்ட கையோடு எதிரில் உட்கார்ந்து அவர் ஒன்று சொன்னார். "சுமதி, அவன் கை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போற வயசுலயே என்னைச் செவுத்துல மோதியிருக்கான். எங்கப்பா அம்மாவை மோதுவாரு, அதைப் பாத்துகினு வளந்தவன் இவன். உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, எங்க தம்பி தங்கம்னு உங்கம்மாகிட்ட சொன்னது நான்தான். கல்யாணம் ஆனா மாறிடுவான்னு நெனச்சேன்." கையிலிருந்த டம்ளரை அவர் மேல் எறிந்தேன். புருவத்தில் பட்டு ரத்தம் வந்தது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. துடைக்கவும் இல்லை. "இதை உன்கிட்ட மறைச்சுட்டு உனக்குச் சோறு போட்டா அது சோறு இல்ல" என்றார். அவரோடு நான் மறுபடி பேச வெகுநாள் ஆயிற்று. அத்தனை நாளும் எனக்கும் மீராவுக்கும் தட்டில் சாப்பாடு வந்துகொண்டுதான் இருந்தது.

எலும்பு கூடியதும் பாபு ஒரு நாள் பட்டப்பகலில் பயிற்சிப் பள்ளிக்கே வந்தான். அண்ணி ஒரு மாணவியோடு காருக்குள் இருந்தார். அவன் இரும்புக் கம்பியால் முன் கண்ணாடியை உடைத்தான், பிறகு பக்கத்துக் கண்ணாடியை. அண்ணி அந்தப் பெண்ணின் தலையைத் தன் மடியில் அமுக்கிக்கொண்டு குனிந்துகொண்டார். உடம்பெல்லாம் கண்ணாடித் தூள். ஹாரனிலிருந்து மட்டும் கையை எடுக்கவில்லை. தெருவே கூடி அவனைப் பிடிக்கும் வரை அது அலறிக்கொண்டிருந்தது. அந்த மாணவி இன்று சொந்தமாகச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். இதைப் படித்தால் அது தான்தான் என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் புகாருக்குப் பதிலாகப் பாபுவும் அண்ணி மேல் வழக்குப் போட்டான். அடிக்கவே இல்லை, கை தவறித் தோசைக்கல் விழுந்தது என்று சொல்லச் சொன்னார் அண்ணியின் வக்கீல். "அடிச்சதை அடிக்கலைன்னு சொன்னா, அவன் சொல்றதுக்கும் நான் சொல்றதுக்கும் இன்னா வித்தியாசம்?" என்றார் அண்ணி. அடித்தேன் என்றே நீதிமன்றத்தில் சொல்லி, அபராதம் கட்டிவிட்டு வந்தார். எனக்கு விவாகரத்து கிடைத்தது. அவருக்கு அம்மா வீடு இல்லாமல் போயிற்று. மாமியார் இறந்தபோது உறவுக்காரர்கள் அண்ணியை வாசலிலேயே மறித்தார்கள். ஒருவர் தள்ளியதில் சாக்கடை ஓரத்தில் விழுந்து முழங்கை சிராய்த்தது. அவர் எழுந்து, எதிர்ச்சாரியில் வெயிலில் நின்றார். பாடை வெளியே வந்ததும் அங்கிருந்தே கும்பிட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதார்.

அந்தக் கோடைக்குப் பிறகு நான் சீட்டைத் தொடவே இல்லை. அண்ணி விடவில்லை. கோவளத்தில் கடலைப் பார்த்த ஒரு வீட்டை எடுத்து, எங்களை அழைத்துப் போய் வில்லைகளைக் கொட்டினார். நான் மாட்டேன் என்றேன். "அடி வாங்கினதுதான் உன் ஞாபகத்துல கீது. அந்த ஆட்டம் நீ ஜெயிச்ச ஆட்டம். அதை எதுக்கு அவனுக்கு வுட்டுத் தர?" என்றார். ஆடினோம். மீரா கையில் ஒன்றுமில்லாமல் எங்கள் மூவரையும் ஏமாற்றி, சீட்டைக் காட்டிக் கைகொட்டிச் சிரித்தாள். என் தோள்கள் தாமாகவே ஒடுங்கிக்கொண்டன. வீட்டில் எதுவும் நடக்கவில்லை. மோகன் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் துலக்கப் போனார்.

அண்ணியின் சாவுக்குப் பாபு வந்தான். தெருமுனையில் நின்றவனை மோகன் அண்ணனே போய், "வந்து அக்கா முகத்தைப் பாத்துட்டுப் போ" என்று அழைத்து வந்தார். நான் அண்ணியின் தலைமாட்டில் நின்றிருந்தேன். அவன் என் அருகே வரும் வரை எனக்குத் தெரியவில்லை. கருங்கல் மேடையில் மோதிய அன்றோடு என் இடது காது கேட்காமல் போயிருந்தது. அதற்குப் பிறகு கடைக்குப் போனாலும், கடற்கரையில் நடந்தாலும் அண்ணி என் இடது பக்கம்தான் வருவார். "அந்தப் பக்கம் இருந்து பேசினா எனக்குக் கேட்காதே அண்ணி" என்று ஒரு முறை சொன்னேன். "பேசுறதுக்கா வரேன்? அந்தப் பக்கம் எவன் வந்தாலும் உனக்குத் தெரியாதில்ல" என்றார். அன்று அந்தப் பக்கம் காலியாக இருந்தது. ஆனால் நான் நகரவில்லை. பாபுதான் என்னைச் சுற்றிக்கொண்டு போய், அக்காவின் காலைத் தொட்டுவிட்டு வெளியேறினான்.

ஒருவருக்குக் கேட்காத பக்கத்தில் போய் நிற்பது. அண்ணியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான். விடுதியில் எப்போதாவது ஒரு பெண் முகம் வீங்கி வந்து நிற்கிறாள், பின்னாலேயே அண்ணன் என்றோ மாமா என்றோ சொல்லிக்கொண்டு ஓர் ஆள் வருகிறான். அவளிடம் நான் எதுவும் கேட்பதில்லை. எழுந்து போய், அவளுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொள்கிறேன்.