கோப்பில் ஏறிய ரோல்ஸ்

தில்லைநாயகி அக்காவுக்குச் செவ்வாய்க்கிழமை ஓய்வு நாள். மற்ற நாட்களில் சுவிஸில், பேர்ண் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறார். செவ்வாயில் யாராவது தமிழர் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு வந்தால், வெளியே மர வாங்கில் தேத்தண்ணிப் போத்தலோடு பக்கத்தில் இருப்பார். அவரை யாரும் நியமிக்கவில்லை. அடித்தவனுக்கு வக்கீல் உண்டு, அடி வாங்கினவருக்குத் துணைக்கு ஒருவரும் இல்லை. துணை வேண்டும் என்று நாடே வாக்குப் போட்டு ஐந்து வருஷமாகிறது. இந்த எண்பத்தொன்பதிலும் சட்டத்தை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

நான் உருத்திரமூர்த்தி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன். சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதான் என் வேலை. அந்த வேலையை மீறி நான் ஒருமுறை வாயைத் திறந்தேன். அதில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

எண்பத்தாறு கார்த்திகையில், வேலை முடிந்து டிராமால் இறங்கி வந்த அக்காவை ஒருவன் தள்ளி விழுத்திக் கைப்பையைப் பறித்தான். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆளைப் பிடித்தார்கள், பை கிடைக்கவில்லை. பார்த்த சாட்சி யாரும் இல்லை. அக்காவின் சொல் ஒன்றுதான் வழக்கு. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத ஒரு பெண்ணின் சொல் எவ்வளவு தூரம் எடுபடும் என்று எங்கள் எல்லோருக்கும் பயம்.

அரச தரப்பில் வழக்கை நடத்துகிறவரை இங்கே புறோகுறாட்டர் என்பார்கள். அவர் வழக்குக்கு ஒரு கிழமை முன்பு அக்காவை மறுபடியும் தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். நெடுநெடுவென்ற மனிதர், சிரித்து நான் கண்டதில்லை.

"தம்பி, என்ன கொண்டு போறது?" என்று அக்கா கேட்டார்.

ஒன்றும் வேண்டாம் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்தில் அரச அலுவலகமான கச்சேரிக்குப் போனாலும் நாங்கள் கையை வீசிக்கொண்டு போனதில்லை. "வெறுங்கையோடை போகாதேங்கோ அக்கா. எங்களுக்காக நிக்கிற மனிசன்" என்றேன்.

இன்னும் நோகிற கையோடு, எங்கள் ஊர்ச் சிற்றுண்டியான ரோல்ஸில் பத்துப் பொரித்துக் கொண்டுவந்தார். புறோகுறாட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், திருப்பிக் கொடுத்தார். பிறகு பேனாவை எடுத்துக் கோப்பில் எழுதினார்: சாட்சி உணவுப் பொருள் கொண்டுவந்தார், ஏற்கப்படவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அந்தக் கோப்பை எதிரி வக்கீலும் வாசிப்பான், லஞ்சம் என்பான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வழக்கன்று, உள்ளே போகுமுன் அக்காவின் காதில் சொன்னேன்: "ரோல்ஸைப் பற்றிக் கேட்டால் ஞாபகமில்லை எண்டு சொல்லுங்கோ."

அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வக்கீல் முதல் கேள்வியே அதைத்தான் கேட்டான். புறோகுறாட்டருக்கு ஏதாவது கொண்டுபோனீர்களா? அந்தக் கேள்வியையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

"ஓம், கொண்டு போனனான். பத்து ரோல்ஸ். அவர் ஒண்டும் தொடேல்லை."

"எதற்காக?"

"இந்தக் கையைப் பற்றி ஆறு மாசமாய் எத்தினை பேர் கேள்வி கேட்டவை. நோகுதோ எண்டு அந்த மனிசன் மட்டும்தான் கேட்டவர்."

அது உண்மை. சிரிக்காத அந்த மனிதர் முதல் நாளே கேட்டார், நான்தான் மொழிபெயர்த்தேன். ஆனால் வக்கீல் விடவில்லை. அதிகாரிக்குப் பொருள் கொண்டுபோகச் சொன்னது யார் என்று கேட்டான். சாட்சிக்குப் புத்தி சொன்ன மொழிபெயர்ப்பாளனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. அது என்ரை பழக்கம்" என்றார் அக்கா.

அதை நான் ஜெர்மன் மொழியில் சொன்னேன். ஒரு சொல்லும் பிசகவில்லை, குரலும் நடுங்கவில்லை.

ரோல்ஸை ஒளிக்காதவர் கையை முறித்தவன் விஷயத்தில் மட்டும் பொய் சொல்லக் காரணமில்லை என்று நீதிபதி தீர்ப்பில் சொன்னார். அவனுக்குப் பதினான்கு மாதம் சிறை.

வெளியே வாங்கில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெட்கத்தில் முகம் பார்க்க முடியவில்லை.

"என்ரை பேரைச் சொல்லியிருக்கலாம், அக்கா."

"சொல்லிப்போட்டு? நாளைக்கு இன்னொருத்தி கையை முறிச்சுக்கொண்டு இஞ்சை வருவாள். நீ இல்லையெண்டால் அவளுக்கு வாய் ஆர்?"

அடுத்த செவ்வாயே ஒருத்தி வந்தாள், புனிதவதி என்று பெயர். நான் கோப்போடு படியேறினபோது, அக்கா எனக்கு முன்பே வந்து வாங்கில் அவள் பக்கத்தில் இருந்தார். மடியில் ரோல்ஸ் பெட்டி. என்னைக் கண்டதும் அதன் மூடியைத் திறந்தார்.

"வழக்குக்கு முதல் உனக்குத் தரமாட்டன், தம்பி. முடிஞ்ச பிறகு வா."