வீராங்கனை சொல்லாத பொன்மொழி

நண்பர்களே, ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்து இதை அடிக்கிறேன். அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை.

மண்ணூர்பேட்டையில் என் லேத் பட்டறைச் சுவரில் ஒரு பளுதூக்கும் வீராங்கனையின் பத்திரிகைப் படம் இருக்கிறது. தேசியப் பதக்கம் வாங்கியவர். அதன் கீழே, ‘ஒருநாளும் ஓய்வில்லை, அதனால்தான் வெற்றி’ என்று நானே எழுதி வைத்தேன். லீவு கேட்பவர்களுக்கு அதைத்தான் காட்டுவேன். போன ஞாயிறு தன் மகள் தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு லீவு கேட்ட என் லேத் ஆபரேட்டர் ஆரோக்கியத்துக்கும் அதையே காட்டி, வேலைக்கு வரவைத்தேன்.

இன்று மத்தியானம் ஆவடியிலிருந்து ஒரு பெண், பளு மாட்டும் கம்பியைச் சரிசெய்ய வந்தார். சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவரேதான்!

“இன்னாண்ணே இது? நான் எப்போ இப்டி சொன்னேன்?”

“ஓய்வெடுத்தா எப்படிம்மா மெடல் வரும்?”

“ஞாயித்துக்கெழம கம்பியத் தொட்டாலே எங்க கோச் தொரத்துவாரு. ஒருதபா அவருக்குத் தெரியாம தூக்கி, முதுகு புட்ச்சிகினு ஆறு மாசம் படுத்துகினு கெடந்தேன். அந்த வருசம் போட்டியே பூடுச்சு.”

ஆரோக்கியம் லேத்தை நிறுத்தினார்.

“கோயில்ல பாப்பா வாசலையே பாத்துனு இருந்துச்சாம், ஓனர்.”

அவ்வளவுதான் சொன்னார்.

வாசகத்தை அழித்துவிட்டேன். அங்கே என்ன எழுதலாம், சொல்லுங்கள். நானாக யோசித்தால் இப்படித்தான் ஆகிறது.