படத்திலிருந்த எழுத்தறியாத பெண்

பி.ஏ. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நாகர்கோவிலிலிருந்து என் மாமா மகள் கடிதம் எழுதியிருந்தாள். "மைனி, உங்க படம் எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்த புஸ்தகத்துல இருக்கு. உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு போட்டிருக்கே, ஏன்?"

அந்தப் பக்கத்தையும் கிழித்து உள்ளே வைத்திருந்தாள். நாங்கள் குடியிருந்த மலையாளத் தலைநகரில், தம்பானூரில் ஆபீஸ் வைத்திருந்த ஓர் இளைஞர் நலச் சங்கம் போட்ட புத்தகம். சுதந்திர நாட்டின் இளைஞர்களைப் பற்றி, இளைஞர்களுக்காக. படத்தில் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். முழங்காலின்மேல் சிலேட்டு, கையில் குச்சி. என் தோளுக்கு மேலாகக் குனிந்து சிலேட்டை விரலால் சுட்டிக்கொண்டு நின்றான் என் வகுப்பு மாணவன். கீழே, 'மலையோரத்து எழுத்தறியாத பெண்ணுக்கு அகரம் கற்பிக்கும் கல்லூரி இளைஞர்'.

நடந்தது வேறு. லீவில் எங்கள் கல்லூரியிலிருந்து இருபது பேர் பத்து நாள் பாதை போடக் கல்லாறுக்குப் போயிருந்தோம். மத்தியானங்களில், தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்திருந்த திருநெல்வேலிப் பெண்கள் ஏழு பேருக்கு நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். மண்வேலைக்கென்று கொண்டுபோன பழஞ்சேலைதான் உடுத்தியிருந்தேன். சங்கம் அனுப்பிய போட்டோக்காரர் வந்து, கூட்டமாக இருந்தால் படம் சரியாக வராது என்று ஏழு பேரையும் விலக்கினார். சாயா கேட்டு வந்த அவனைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிறுத்தினார். வகுப்பு நடந்ததைக் காட்டத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பத்து நாளில் அவன் ஒருத்திக்கும் ஓர் எழுத்துக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடிதம் வந்த மறுநாள் கல்லூரி வராந்தாவில் அவனை நிறுத்தி அந்தத் தாளை நீட்டினேன். அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நான் என்ன பண்றது? அவர் நில்லுன்னார், நின்னேன்."

"சரி. நடந்ததை எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க. நான் கொண்டு குடுத்துக்கிடுதேன்."

சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "டெல்லியில இளைஞர் மாநாடு. சங்கத்துலேர்ந்து என்னைத்தான் அனுப்பறா. இப்போ போய் இதைக் கிளப்ப வேண்டாமே, ப்ளீஸ்."

அன்றைக்குத்தான் அவனை வெறுக்கத் தொடங்கினேன். போட்டோக்காரரை மன்னித்தாலும் மன்னிப்பேன், இவனை மாட்டேன்.

தனியாகவே தம்பானூர் போனேன். புத்தகத்தின் ஆசிரியர் கதர் ஜிப்பாவில், மேஜைமேல் அதே புத்தகக் கட்டுகள் குவிந்திருக்க உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். சிரித்தார்.

"அதொண்ணும் சாரமில்லை, பெரிய காரியமில்லை மோளே. படம் எத்தற நல்லா வந்திட்டுண்டு! பேரு போட்டா அல்லே குத்தம்? பேரு போட்டில்லையே."

"முகம் போட்டிருக்கீங்களே சார்."

"ஒரு பெண்குட்டி ஆம்பிளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி போட்டா ஆளுக சிரிக்கும்."

"நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கல்லை. ஏழு பொம்பிளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவங்களைத் தள்ளி நிறுத்தினது உங்க ஆளுதான்."

அவருடைய சிரிப்பு போய்விட்டது. "நாட்டுக்கு வேண்டி செய்யுற காரியம் இது. இதிலே நான், எனக்குன்னு வழக்கு பேசக் கூடாது. அச்சனோட பேரு என்ன? எவிடே ஜோலி?"

அப்பா செக்ரட்டேரியட்டில் கிளார்க். அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குப் புரிந்தது. பேரைச் சொல்லவில்லை. பேனாவைத் திறந்து, மேஜையிலிருந்த கட்டை அவிழ்த்து, மேலே இருந்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்து 'எழுத்தறியாத' என்பதை அடித்தேன். அடுத்ததிலும் அடித்தேன். ஐந்தாவது புத்தகத்தில் பியூன் வந்து கட்டைப் பிடுங்கிக்கொண்டான். ஆசிரியர் எழுந்து நின்று கத்தியது தெருவரை கேட்டிருக்கும். வெளியே வந்து பேனாவை மூடினேன். ஐந்தோடு நிறுத்த வேண்டியிருந்ததே என்றுதான் இருந்தது.

ஆறு மாதம் கழித்து இரண்டாம் பதிப்பு வந்தது. கல்லூரி வாசகசாலையில் பார்த்தேன். என்னை வெட்டியிருந்தார்கள். என் ஒரு கையும் சிலேட்டின் விளிம்பும் மட்டும் மூலையில் மிச்சம். அவன் முழுசாக நின்றான். கீழே, 'எழுத்தறிவு பரப்பும் இளைஞர், டெல்லி மாநாட்டுப் பிரதிநிதி'.

புத்தகத்தை இரவல் வாங்கிவந்து வீட்டில் சொன்னேன். அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து, புத்தகத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மொகம் போயிட்டுல்லா? நல்லதாப் போச்சு மக்கா. பொண்ணு பாக்க வாறவன் இதை எடுத்துக் காட்டிக் கேட்டா என்ன சொல்லுவோம்னு எனக்குத் தூக்கமே இல்லாம கெடந்தது."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இனி அந்த ஆபீஸ் பக்கம் போகாதே" என்று மட்டும் சொன்னார்.

ஒன்பது நாள் இருவரோடும் நான் பேசவில்லை. பத்தாம் நாள் அம்மாவிடம் பேசியதுகூட, கல்லூரிக்கு நேரமாகிறது, சோறு போடு என்றுதான்.