நோய் எதுவுமில்லை

பிரதேச செயலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன் நான். எந்தத் தாளில் யார் ஒப்பம், எத்தனை பிரதி என்று தூக்கத்திலும் சொல்வேன். அதனால்தான் அக்கா மகளின் கலியாணம் தடுமாறியபோது என்னைக் கூப்பிட்டார்கள்.

மாதா கோவிலில் முதல் ஞாயிறு திருமண அறிவித்தல் வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும். அதற்குள் அவள், மறைத்துக் கட்டக்கூடாது என்று, தன் மனம் ஆண், பெண் இருபாலரிடமும் போகும் என்பதையும், படிக்கும் காலத்தில் ஒரு பெண்ணை நேசித்ததையும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். அவன் தாயிடம் சொன்னான். தாய் டொக்டரின் கடிதம் கேட்டார்.

கடிதம் என்றால் எனக்கு உற்சாகம். கண்டியில் ஒரு மனநல மருத்துவரிடம் நம்பர் எடுத்து அவளை அழைத்துப் போனேன். அந்த டொக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார். இது நோயல்ல. குழப்பமுமல்ல, கடந்துபோகும் வயதுக் கோளாறுமல்ல. இன்ன காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட விஞ்ஞானத்தால் இன்னும் முடியவில்லை. இருபாலரிடமும் ஈர்ப்பு வரும் என்பதற்கு, ஒரே நேரத்தில் இருவர் வேண்டும் என்று அர்த்தமில்லை. கடைசியில் ஒற்றை வரி எழுதித் தந்தார்: நோய் எதுவுமில்லை. முத்திரை சரி, திகதி சரி. இரண்டு பிரதியும் எடுத்துக்கொண்டேன்.

கலகெதரவில் மாப்பிள்ளை வீட்டில் அவன் தாய் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"நோய் இல்லேன்னா மருந்தும் இல்லதானே, அண்ணே?"

"மருந்து எதுக்குங்க?"

"ரெண்டு பக்கமும் மனசு போற புள்ள. நாளைக்கு எம் மகன விட்டுட்டு அந்தப் பக்கம் போகாதுன்னு யாரு கையெழுத்துப் போடுவா?"

மாப்பிள்ளை தேத்தண்ணீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கையெழுத்துப் போடக்கூடிய ஒரே ஆள் அவர் வீட்டுக் கதிரையில்தான் இருந்தான். கலியாணத்துக்கு முன் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவனை நான் நேசித்தேன். பிறகு என் மனைவியை நேசித்தேன். அவள் கண்மூடும்வரை முப்பத்தெட்டு வருடம் வேறெங்கும் போகவில்லை. இரண்டும் பொய்யில்லை. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

"வேணும்னா இன்னொரு டொக்டர்ட்ட ரெண்டாவது கடிதம் எடுக்கலாம்" என்றேன்.

அடுத்த ஞாயிறு பூசையில் அவள் பெயர் வரவில்லை; வேறு இருவரின் பெயர்களை வாசித்தார்கள்.

வெளியே வரும்போது மழை. அக்கா மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கவலப்படாதீங்க மாமா. ஒங்களால முடிஞ்சத எல்லாம் செஞ்சீங்க."

"பாத்து எறங்கு, படி வழுக்கும்" என்றேன்.